வலி மாத்திரையை விட்டு ஒரு வருடம் ஆகிறது, இளைப்பு ஏன் விடவில்லை?

கேள்வி: எனக்கு வயது 39. சில வருடங்களுக்கு முன் மூக்கடைப்பில்தான் எல்லாம் தொடங்கியது. சாதாரண சளி என்று நினைத்தேன், விடவே இல்லை. மெல்ல மெல்ல வாசனையே தெரியாமல் போனது. மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்கடுத்த வருடம் ஆஸ்துமா வந்தது. போன வருடம் பல்வலிக்கு ஒரு இப்யூபுரூஃபன் மாத்திரை போட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகி, முகம் சிவந்து, மூச்சு விட முடியாமல் அவசர சிகிச்சையில் சேர்க்க வேண்டியதாயிற்று. 'ஆஸ்பிரின் அலர்ஜி' என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். நான் போட்டது ஆஸ்பிரினே இல்லையே? சின்ன வயதில் ஆஸ்பிரின் போட்டபோது ஒன்றும் ஆகவில்லையே? அலர்ஜிக்கான ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து ஒரு வலி மாத்திரையும் தொடவில்லை. ஆனாலும் இளைப்பு குறையவில்லை, மூக்கில் சதையும் திரும்பி வந்துவிட்டது. இனி காய்ச்சல், தலைவலி வந்தால் என்ன சாப்பிடுவது? என் பிள்ளைகளுக்கும் இது வருமா?

பதில்: நீங்கள் கேட்டிருப்பதிலேயே முக்கியமானது, மாத்திரையை விட்ட பிறகும் இளைப்பு ஏன் விடவில்லை என்பதுதான். அதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரை உங்கள் நோய்க்குக் காரணம் இல்லை. உங்கள் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் ஏற்கெனவே ஒரு அழற்சி இருந்துகொண்டிருந்தது. மாத்திரை அதை ஒரு மணி நேரத்துக்குள் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டியது, அவ்வளவே. மாத்திரையை விட்டதால் அப்படி ஒரு தாக்குதல் மறுபடி வராது. அடியில் இருக்கும் அழற்சி தன் பாட்டுக்கு இருக்கும். அதற்குத் தனியாக வைத்தியம் வேண்டும். அந்த வைத்தியம் உங்களுக்கு முழுமையாக நடக்கவில்லை என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது.

நீங்கள் சொன்ன வரிசையைக் கவனியுங்கள். முதலில் விடாத மூக்கடைப்பு, பிறகு சதை வளர்ச்சி, வாசனை போவது, அப்புறம் ஆஸ்துமா, கடைசியில் வலி மாத்திரையால் ஒரு பெரிய தாக்குதல். பெரும்பாலும் முப்பதுகளில், பெண்களிடம் சற்று அதிகமாக, ஏறக்குறைய இதே வரிசையில் இந்த நோய் வரும். பிரான்ஸில் விடால் என்ற மருத்துவர் 1922-லேயே இதை விவரித்தார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1968-ல் அமெரிக்காவில் சாம்டர், பியர்ஸ் என்ற இருவர் விரிவாக எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் விழித்துக்கொண்டது. அதனால் இன்றும் பல மருத்துவர்கள் இதை 'சாம்டர் ட்ரையாட்' என்றே சொல்வார்கள். ஆஸ்துமா, மூக்கில் சதை, ஆஸ்பிரின் வகை மாத்திரை ஒத்துக்கொள்ளாமை மூன்றும் சேர்ந்தது. ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது சுமார் 15 சதவீதம். மற்ற பெரும்பாலான ஆஸ்துமாக்காரர்கள் ஆஸ்பிரினையோ இப்யூபுரூஃபனையோ எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுகிறார்கள். 'ஆஸ்துமா என்றால் வலி மாத்திரையே கூடாது' என்று எல்லோரையும் பயமுறுத்துவதும் தவறுதான்.

சரி, ஆஸ்பிரினே சாப்பிடாத உங்களுக்கு ஏன் 'ஆஸ்பிரின்' என்று எழுதினார்கள்? நம் செல்களின் சவ்வில் அராகிடோனிக் அமிலம் என்று ஒரு கொழுப்பு அமிலம் இருக்கிறது. உடல் அதை எடுத்து இரண்டு வழிகளில் வேறு பொருள்களாக மாற்றுகிறது. ஒரு வழியில் காக்ஸ் என்ற நொதி அதைப் புரோஸ்டாகிளாண்டின்களாக்குகிறது. இன்னொரு வழியில் லிப்பாக்சிஜினேஸ் என்ற நொதி லியூக்கோட்ரையீன்களாக்குகிறது. புரோஸ்டாகிளாண்டின்களில் 'ஈ2' என்ற ஒன்று, மூச்சுக்குழாயில் பிரேக் மாதிரி வேலை செய்கிறது. மாஸ்ட் செல்கள் என்ற பாதுகாப்பு செல்கள் தங்களிடம் இருப்பதையெல்லாம் கொட்டிவிடாமலும், லியூக்கோட்ரையீன் அளவுக்கு மீறிப் போகாமலும் பார்த்துக்கொள்வது அதுதான். உங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஈ2 முதலிலேயே குறைவாக இருக்கிறது. லியூக்கோட்ரையீன் தயாரிப்போ எப்போதும் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கிறது. இருக்கிற கொஞ்சம் ஈ2-வை நம்பித்தான் மூச்சுக்குழாய் காலம் தள்ளுகிறது.

இந்த நிலையில் காக்ஸ் நொதியின் ஒரு வகையான காக்ஸ்-1-ஐத் தடுக்கும் எந்த மாத்திரையைப் போட்டாலும் அந்தக் கொஞ்சமும் போய்விடும். மாஸ்ட் செல்கள் கொட்டித் தீர்க்கும், லியூக்கோட்ரையீன் ஒரேயடியாக ஏறும். மூச்சுக்குழாயின் தசை இறுகும், ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து சவ்வு வீங்கும், சளி பெருகும். மூக்கு ஒழுகல், கண் சிவத்தல், முகம் சிவத்தல், இளைப்பு எல்லாம் அடுத்தடுத்து வரும். பெரும்பாலும் அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். உங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது. சிலருக்கு வயிற்றுவலியோ தடிப்போ கூட வரலாம்.

ஆஸ்பிரினும் இப்யூபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் வேதியியலில் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. ஆனாலும் மூன்றும் ஒரே நொதியைத் தடுக்கின்றன, அது போதும். இதைக் கண்டுபிடித்த கதையே சுவாரஸ்யமானது. ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் தயாரிப்பைத் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971-ல் காட்டினார். (1982-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.) போலந்தைச் சேர்ந்த ஆண்ட்ரே ஷெக்லிக்கும் அவருடைய குழுவினரும் அதைப் பிடித்துக்கொண்டு, இந்த நோயாளிகளுக்கு எந்தெந்த மாத்திரை ஒத்துக்கொள்வதில்லை என்று பார்த்தார்கள். புரோஸ்டாகிளாண்டின் தயாரிப்பைத் தடுப்பவை எல்லாம் இளைப்பை வரவழைத்தன, தடுக்காதவை வரவழைக்கவில்லை. 1975-ல் அது வெளியானது. அதன் பிறகே இது வழக்கமான அலர்ஜி இல்லை என்பது உறுதியாயிற்று.

வழக்கமான அலர்ஜியில் உடல் ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு எதிராக ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கி வைத்திருக்கும். ரத்தத்தில் தேடினால் அது கிடைக்கும். உங்கள் விஷயத்தில் அப்படி ஒன்று இல்லை. அதனால்தான் பரிசோதனையில் எதுவும் வரவில்லை. வராததை வைத்து நோய் இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். ரத்தத்திலோ தோலிலோ செய்கிற எந்தச் சோதனையாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. உறுதியாகச் சொல்ல ஒரே வழி, மருத்துவமனையில் வைத்து, ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கும்போது, மிகச் சிறிய அளவு ஆஸ்பிரினில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிப் பார்ப்பது. உங்களுக்கு இத்தனை தெளிவாக எல்லாம் நடந்திருப்பதால் நோயைக் கண்டறிய மட்டும் அது பெரும்பாலும் தேவைப்படாது. வீட்டில் அரை மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம்.

சின்ன வயதில் ஒத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. இது பிறவியிலேயே வருவதில்லை, பிற்காலத்தில் வருகிறது. அழற்சி முற்றிய பிறகே மூச்சுக்குழாய் அந்த ஈ2-வை இவ்வளவு சார்ந்திருக்கத் தொடங்குகிறது. நேற்றுவரை சாப்பிட்ட மாத்திரை இன்று ஆகாமல் போவதை இந்த நோயில் அடிக்கடி பார்க்கலாம்.

இப்போது மாத்திரையே இல்லாத சாதாரண நாட்களுக்கு வருகிறேன். இந்த நோயாளிகள் எந்த மாத்திரையும் தொடாத நாளில்கூட, சிறுநீரைப் பரிசோதித்தால் லியூக்கோட்ரையீன் ஈ4 என்ற கழிவுப்பொருள் மற்ற ஆஸ்துமாக்காரர்களைவிட அதிகமாக இருக்கும். உள்ளே தயாரிப்பு நிற்கவே இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. மூக்கின் சவ்விலும் மூச்சுக்குழாயிலும் ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்திருக்கும். அவற்றிடம் லியூக்கோட்ரையீன் தயாரிக்கும் நொதி வழக்கத்தைவிட அதிகம். ரத்தத் தட்டணுக்கள்கூட வெள்ளணுக்களோடு ஒட்டிக்கொண்டு இந்த வேலைக்கு உதவுகின்றன. மாஸ்ட் செல்கள் டி2 என்ற இன்னொரு புரோஸ்டாகிளாண்டினை வெளியிடுகின்றன. அது மேலும் ஈசினோபில்களை அங்கே இழுக்கிறது. சவ்வின் மேல் பகுதியில் இருக்கும் செல்களும் சும்மா இருப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் சைகைகளை அனுப்பியபடியே இருக்கின்றன. ஒன்று மற்றொன்றை இழுத்து, யாரும் தொடாமலே சுற்றிக்கொண்டிருக்கிற சங்கிலி இது. மூக்கில் அறுத்த சதை திரும்ப வளர்வது அதனால்தான். அறுவை சிகிச்சை வீங்கிய திசுவை எடுக்கிறது, வீங்க வைப்பதை எடுப்பதில்லை. இந்த நோய் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட விரைவாகவும் அடிக்கடியும் சதை திரும்ப வரும். உங்கள் அறுவை சிகிச்சையில் ஏதோ குறை இருந்தது என்று நினைக்க வேண்டாம்.

மூக்கும் நெஞ்சும் வேறு வேறு மருத்துவர்களிடம் போவதால், இதை இரண்டு நோயாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. மூக்குக்கு ஒருவர், நெஞ்சுக்கு ஒருவர், இருவரும் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்ப்பதில்லை. உங்களிடம் கேட்டுக்கொள்வது, அடுத்த முறை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகும்போது ஆஸ்துமா சீட்டுகளையும், நுரையீரல் மருத்துவரிடம் போகும்போது அறுவை சிகிச்சைக் குறிப்பையும் எடுத்துப் போங்கள். போன வருடம் எத்தனை முறை ஸ்டீராய்டு மாத்திரைக் கோர்ஸ் எடுத்தீர்கள் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க அந்த ஒரு எண் மிகவும் உதவும். இந்தக் கோர்ஸ்கள் அப்போதைக்கு அற்புதமாக வேலை செய்யும், வாசனைகூடத் திரும்பிவிடும். ஆனால் திரும்பத் திரும்ப எடுத்தால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும்.

அடிப்படை வைத்தியம், தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலர், தேவைப்பட்டால் நீண்ட நேரம் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து சேர்த்தது. நல்லாயிருக்கிற நாளில் நிறுத்திவிட்டு, இளைக்கும்போது மட்டும் எடுப்பவர்கள் ஏராளம். மேலே சொன்ன சங்கிலி நல்லாயிருக்கிற நாளிலும் சுற்றுகிறது என்பதை நினைவில் வைத்தால் நிறுத்த மனம் வராது. இன்ஹேலர் ஸ்டீராய்டு மூச்சுக்குழாயில் நேராக இறங்குவதால் மாத்திரைக் கோர்ஸை நினைத்து அதற்கும் பயப்பட வேண்டாம், எடுத்த பிறகு வாய் கொப்பளித்தால் போதும். மூக்குக்கு உப்புநீர் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும். சிலருக்கு ஸ்டீராய்டையே உப்புநீரில் கலந்து கழுவச் சொல்வோம், ஸ்பிரே எட்டாத இடத்துக்கும் அது போகும்.

இதற்கு மேல், லியூக்கோட்ரையீனை நேராகக் குறி வைக்கும் மருந்துகள் இருக்கின்றன. மான்டெலுகாஸ்ட் என்ற மருந்து, லியூக்கோட்ரையீன் போய் ஒட்டும் இடத்தை மறைக்கிறது. ஸைலூட்டான் என்ற மருந்து கிடைக்கிற இடங்களில், தயாரிப்பையே தடுக்கிறது. எல்லோருக்கும் பெரிய பலன் தராது, சிலருக்கு நன்றாகவே வேலை செய்யும். மான்டெலுகாஸ்ட் சாப்பிடும்போது தூக்கம் கெடுவது, கெட்ட கனவு, மனச்சோர்வு, எரிச்சல் போன்றவை புதிதாக வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். 2020-ல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதைப் பற்றித் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது.

அடுத்து ஒரு விநோதமான வைத்தியம், கேட்டால் நம்ப மாட்டீர்கள். ஆஸ்பிரினையே கொடுப்பது. மருத்துவமனையில் கண்காணிப்பில் மிகச் சிறிய அளவில் தொடங்கி, ஓரிரு நாளில் படிப்படியாகக் கூட்டினால், ஒரு கட்டத்துக்குப் பிறகு உடல் எதிர்ப்பதை நிறுத்திவிடும். அதன் பிறகு தினமும் ஆஸ்பிரின் சாப்பிட்டு வந்தால் பலருக்குச் சதை மெதுவாகத்தான் திரும்ப வளர்கிறது, வாசனை தெரிகிறது, ஸ்டீராய்டு கோர்ஸ்கள் குறைகின்றன. சதையை அறுத்து எடுத்துச் சில வாரங்களில் இதைத் தொடங்குவது நல்ல பலன் தரும், பழைய சதை இருக்கும்போது தொடங்கி அதைக் கரைக்க முடியும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு பெரிய நிபந்தனை உண்டு. இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பிறகு வீட்டில் நீங்களாக மறுபடி தொடங்கினால் பழைய தாக்குதல் அப்படியே வரும். வயிற்றுப் புண், ரத்தக் கசிவு வந்தவர்களுக்கும், கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்களுக்கும் இது பொருந்தாது. தவறாமல் மாத்திரை எடுக்கும் ஒழுங்கு இருப்பவர்களுக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன், அந்த ஒழுங்கு இல்லாதவர்களுக்குத் தொடங்கவே மாட்டேன்.

கடைசியாக உயிரியல் மருந்துகள். டுபிலுமாப், மெபோலிசுமாப், ஓமலிசுமாப் போன்ற ஊசிகள். அழற்சிச் சங்கிலியின் வெவ்வேறு கண்ணிகளை அறுப்பவை. சதையையும் ஆஸ்துமாவையும் ஒரே ஊசியால் சமாளிக்க முடிவது இவற்றின் பெரிய வசதி. டுபிலுமாப் எடுத்த பலருக்கு வருடக்கணக்கில் போயிருந்த வாசனை திரும்பியிருக்கிறது. விலை அதிகம், நிறுத்தினால் நோய் திரும்பலாம். அதனால் அடிப்படை வைத்தியத்தை ஒழுங்காகச் செய்தும் கட்டுக்குள் வராதவர்களுக்கே முதலில் யோசிப்போம். நீங்கள் அந்த நிலையில் இருக்கிறீர்களா என்பது, இன்ஹேலரைத் தினமும் சரியாக எடுத்துச் சில மாதம் பார்த்த பிறகே தெரியும்.

காய்ச்சல், தலைவலிக்குப் பாராசிட்டமால் சாப்பிடலாம். ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. 1000 மில்லிகிராமாகப் போட்டால் சிலருக்கு லேசான இளைப்பு வரலாம், அதனால் அந்த அளவுக்குப் போக வேண்டாம். அதற்கும் அடங்காத வலி என்றால் செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் போன்றவை காக்ஸ்-1-ஐ அதிகம் தொடாதவை, இந்த நோயாளிகளுக்கு வழக்கமாக ஒத்துக்கொள்ளும். முதல் வேளையை மருத்துவர் கண்முன் போட்டுக்கொள்ளுங்கள். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென், மெஃபெனாமிக் அமிலம், கீட்டோரோலாக், இண்டோமெத்தசின், பைராக்சிகாம் எல்லாம் கூடாது.

கடையில் மாத்திரை வாங்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் சேர்மானத்தைப் பாருங்கள். பாராசிட்டமால் என்று நினைத்து வாங்கும் சில மாத்திரைகளில் இப்யூபுரூஃபனோ டைக்ளோஃபெனாக்கோ கலந்திருக்கும். மாதவிலக்கு வலி மாத்திரைகளில் மெஃபெனாமிக் அமிலம் இருக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் போடும் வலி ஊசி, கண் அறுவைக்குப் பின் தரும் சொட்டுமருந்து இவற்றிலும் இதே குடும்பம் இருக்கிறது. கண்ணில் விட்ட சொட்டுமருந்தால் இளைப்பு வந்தவர்கள் உண்டு. ஜெல்லும் களிம்பும் குறைவாகவே உள்ளே போகும், ஆனாலும் வேறு வழி இருக்கும்போது எதற்கு?

நெஞ்சுவலி என்று அவசர சிகிச்சைக்குப் போனால் முதலில் கொடுப்பதே ஆஸ்பிரின்தான். அதனால் ஒரு அட்டையில் எழுதி எப்போதும் கூடவே வைத்திருங்கள். 'வலி மாத்திரை அலர்ஜி' என்று மட்டும் எழுதாதீர்கள், அது யாருக்கும் உதவாது. ஆஸ்துமாவும் மூக்கில் சதையும் இருப்பதை எழுதி, ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை எதுவும் கூடாது, பாராசிட்டமால் 500 மில்லிகிராம் சரி என்று எழுதுங்கள். பின்னாளில் இதயத்துக்காக ஆஸ்பிரின் அவசியமானால், குளோபிடோக்ரெல் போன்ற மாற்றும் இருக்கிறது, மேலே சொன்னபடி ஆஸ்பிரினுக்கே உடலைப் பழக்கும் முறையும் இருக்கிறது. அதை இப்போதே நினைத்துக் கலங்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மது சிறிதளவு குடித்தாலும் மூக்கடைப்போ இளைப்போ வரும். குடிக்கும் பழக்கமே இல்லாவிட்டால் இந்த வரியைத் தாண்டிவிடுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் கவலை வேண்டாம். இது குடும்பத்தில் வழிவழியாக வருவது அரிது. உங்களுக்கு இருப்பதால் அவர்களுக்கு இப்யூபுரூஃபனைத் தடை செய்யத் தேவையில்லை. அவர்களுக்கே விடாத மூக்கடைப்பும் ஆஸ்துமாவும் சேர்ந்து வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஆஸ்பிரினை மட்டும் 16 வயதுக்குக் கீழ் உள்ள யாருக்கும் காய்ச்சலுக்கென்று நீங்களாகக் கொடுக்காதீர்கள். அதற்குக் காரணம் உங்கள் நோய் இல்லை, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் சிண்ட்ரோம் என்ற வேறொரு ஆபத்து.